பெங்களூரிலிருந்து திருச்சிக்கு, சமவெளி வழியாக

திருச்சி விமான நிலையத்தில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்காக எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பெங்களூருக்கும் திருச்சிக்கும் ஆகாய வழியில் எத்தனை மைல், எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்கிறார்கள். பதில் ஒரு வரியில் அடங்கிவிடும். நேர்கோட்டில் ஏறக்குறைய நூற்றெழுபது மைல். எதிர்காற்று இல்லாத நாளில் ஒன்றே முக்கால் மணி நேரம். இதை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் எனக்குக் கைவலி மிச்சம், அவர்களுக்கும் காகிதம் மிச்சம்.

ஆனால் அது பொய்ப் பதில். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவனுக்கு அது சரியாக இருக்கலாம். விமானம் ஓட்டியவர்களுக்கு அது சரியில்லை. பெங்களூரிலிருந்து திருச்சிக்கு நேராகக் கோடு இழுத்தால் அது முதலில் சேர்வராயன் மலையின் மேல் ஏறும், பிறகு கொல்லிமலையை ஒட்டிப் போகும். வானம் தெளிந்திருந்தால் மலைக்கு மேலேயே போய்விடலாம். மேகம் மலையை மூடிவிட்டால் மேற்கே ஒதுங்கி, ஓமலூர், சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று சமவெளியின் மேலேயே வந்து, காவிரியைப் பிடித்துக்கொண்டு திருச்சிக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் பதினைந்து மைல் கூடுதல், பத்து நிமிஷம் கூடுதல். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நான் வேலை பார்த்தேன். நான் சொல்வது இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்திய காலம். விமானங்களில் அப்போது ரேடியோ கிடையாது. மேலே போனவர் கீழே இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு பொட்டல் காட்டைத் தபால் விமானக் கம்பெனி ஒன்று வாங்கி, கல் பொறுக்கி, முள் வெட்டி, இறங்கு மைதானமாக ஆக்கியிருந்தது. அன்றாடம் அங்கே எதுவும் இறங்காது. வழி தவறினால், எஞ்சின் மக்கர் செய்தால், மேகம் விரட்டினால் இறங்குவதற்கான இடம் அது. ஒன்றுமே நடக்காவிட்டால் நாங்கள் நன்றாக வேலை செய்கிறோம் என்று அர்த்தம். இந்த மாதிரி உத்தியோகத்துக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். பத்தாவது தேறி, சென்னையில் சில மாதம் காற்றை அளப்பதும் மேகத்துக்குப் பெயர் சொல்வதும் தந்தி வாசகம் எழுதுவதும் பழகிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு சொந்த மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் தொழில் பழகியது ஆசீர்வாதம் சாரிடம்.

ஆசீர்வாதம் சார் மைதானத்தின் பொறுப்பாளர். பாளையங்கோட்டைக்காரர். முதல் யுத்தத்தில் மெசபடோமியாவுக்குப் போய் விமான எஞ்சின்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். குள்ளமான மனிதர், காக்கிச் சட்டை, முழங்கால் வரை கால்சட்டை. மனைவி ஊரில் இருந்தார். இவர் ஓட்டுக் கொட்டகையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். கோபம் வந்தால் கத்த மாட்டார். எதிரில் இருக்கிற ஆளை விட்டுவிட்டு, தொட்டியில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார். அது திட்டுவதைவிட மோசமாக இருக்கும்.

விடிந்ததும் அவர் முதலில் செய்வது ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று மலையைப் பார்ப்பது. வடக்கே சேர்வராயன், கிழக்கே கொல்லிமலை. இரண்டின் உச்சியும் தெரிந்தால் "மலை திறந்திருக்கிறது" என்று பெங்களூருக்கும் திருச்சிக்கும் தந்தி. தெரியாவிட்டால் "மலை மூடியிருக்கிறது." தந்தியை எடுத்துக்கொண்டு நான் ராசிபுரம் தபாலாபீசுக்கு சைக்கிளை மிதிப்பேன். ஒரு நாள் கொல்லிமலை பாதி தெரிந்தது. "பாதி திறந்திருக்கிறதுன்னு எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, "பாதி மலையில மோதுனா பாதி உயிரா போகும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் பாதி என்ற சொல்லையே எழுதவில்லை.

அவரிடம் கற்ற இன்னொன்று. விமானம் புறப்பட்டதாகத் தந்தி வந்த பிறகு நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு அது பிடிக்காது.

"எப்ப வரும்னு பாக்காதடே. தூரம் மாறாது, சரிதான். நேரம் காத்தோட கையில இருக்கு. எதுவரைக்கும் மேல இருக்க முடியும்னு கணக்குப் பண்ணு. பெட்ரோல்தான் நெசமான கடிகாரம்" என்பார்.

மைதானத்தின் நடுவில் சுண்ணாம்பால் போட்ட பெரிய வெள்ளை வட்டம் இருந்தது. கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப் பை. மூலையில் புகைக்குழி. வானம் மூட்டமாக இருந்து விமானம் வருகிற நாட்களில் குழியில் புகை போடுவோம். அடியில் காய்ந்த சோளத்தட்டை, அதன் மேல் எருமுட்டை. நன்றாகப் பிடித்து எரிந்த பிறகு பச்சை வேப்பந்தழையைப் போட்டு அமுக்க வேண்டும். பிறகு எஞ்சினில் ஓடித் தீர்ந்த கழிவு எண்ணெயைக் கொஞ்சம் தெளிக்க வேண்டும். புகை கறுத்துத் தடித்து ஒரே தூணாக எழும்பும். மேகம் தாழ்ந்திருந்தாலும் அதன் கிழிசல்களுக்கு நடுவே மேலிருந்து அது தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் அந்தப் புகையே சொல்லிவிடும். புகைக்கு அடியில் தட்டையான தரை இருக்கிறது, பயமில்லாமல் இறங்கலாம் என்று விமானிகளுக்கு அர்த்தம்.

சமவெளி என்று சொன்னேனே தவிர, அது தட்டையான தாம்பாளமல்ல. வயலுக்கு நடுவே திடீரென்று ஒரு கல் கரடு எழுந்து நிற்கும். நாமக்கல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பெரிய மலையை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. இந்தச் சிறு கரடுகளுக்குத்தான் ஆசீர்வாதம் சார் பயந்தார்.

எங்கள் வழியில் அதிகம் பறந்தவர் சுந்தரம் என்ற விமானி. பெங்களூர் கண்டோன்மென்ட் பையன், இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒரு மாசி மாதத்துக் காலையில் மூடுபனிக்கு மேல் வழி தெரியாமல் திண்டாடினார். அன்று அவர் வருவதாக எங்களுக்குத் தந்தி வரவில்லை, நாங்கள் புகை போடவில்லை. பனிக்கு மேலே ஒரே ஒரு புகை எழுந்து நிற்பதைப் பார்த்து, அதுதான் மைதானம் என்று நினைத்து இறங்கிவிட்டார். அது பாவாயி அக்காளின் கரும்புக் காடு. வெட்டி முடித்த காட்டில் கரும்புச் சோகைக்கு, அதாவது காய்ந்த தோகைக்கு, தீ வைத்திருந்தாள். பக்கத்து உழாத நிலத்தில் விமானம் குதித்துக் குதித்து நின்றது. சுந்தரத்துக்கு உதட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

பாவாயி அக்காள் நாற்பது வயதுக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கொழுந்தன் செங்கோடனோடு சேர்ந்து பண்ணையம் பார்த்தவள். நாங்கள் ஓடிப் போனபோது சுந்தரம் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்தத் தம்பியைச் சோறு போடாமத்தான் வானத்துல உடறீங்களா? மூணு சொம்பு குடிச்சிருச்சுங்க!" என்று எங்களைத்தான் கண்டித்தாள்.

கம்பெனிக்கு அது பெரிய சேதி. சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். மைதானத்தில் பந்தல் போட்டு, சுற்றுப்பட்ட ஊர்க்காரர்களையெல்லாம் கூட்டி, பாவாயி அக்காளுக்கு ஒரு பட்டுச் சேலையும் பித்தளைக் குடமும் கொடுத்தார்கள். அதிகாரி இங்கிலீஷில் பேசினார். ஆசீர்வாதம் சார் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். "இந்த அம்மா போட்ட புகை ஒரு உயிரைக் காப்பாற்றியது. ஒவ்வொரு ஊரும் இப்படி இருந்தால் எங்கள் விமானத்துக்கு ஆபத்தே இல்லை." கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அன்றிலிருந்து சுந்தரம் அந்த ஊரின் பிள்ளையாகிவிட்டார். மலை திறந்திருக்கிற நாளிலும் பத்து நிமிஷம் போனால் போகிறதென்று சமவெளி வழியாகவே வருவார். பாவாயி அக்காள் வீட்டுக்கு மேலே வந்ததும் இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். சில நாள் ஒரு துணிப்பையில் பெங்களூர்க் கொய்யாவைக் கட்டிக் கீழே போடுவார். பாதி நசுங்கிப்போகும். மீதியை ஊரே பிரித்துத் தின்னும். விமானத்தை எங்கள் பக்கத்தில் கப்பல் என்பார்கள்; கப்பல்காரத் தம்பி என்றுதான் அவருக்குப் பெயர். திருச்சிக்குத் தாமதமாகப் போவதற்காகக் கம்பெனியில் இரண்டு தடவை கண்டித்தார்கள் என்று கேள்வி. ஒரு தடவை எங்கள் மைதானத்தில் இறங்கியபோது அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "நேர்கோட்டுல மனுஷங்களே இல்லை, பழனிச்சாமி. வெறும் மலைதான்."

அதே வருஷம் ஐப்பசி. மழைக்காலம் பிடித்துவிட்டது. ஒரு காலையில் ஆசீர்வாதம் சார் முக்காலியில் ஏறி நின்றபோது மலை என்ற ஒன்று இருந்த அடையாளமே இல்லை. எங்கள் காற்றுப் பைக்குச் சற்று மேலே மேகம் தொங்கியது. அவர் தந்தி வாசகத்தைச் சொன்னார். "மலை மூடியிருக்கிறது. சமவெளியும் மூடியிருக்கிறது. இன்று அனுப்ப வேண்டாம்." சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் ராசிபுரம் போய்ச் சேர்ந்தபோது, தபாலாபீசில் பெங்களூர்த் தந்தி எனக்காகக் காத்திருந்தது. சுந்தரம் புறப்பட்டுவிட்டார். பெங்களூரில் வெயில் அடித்ததாம்.

நான் திரும்பி வந்து கொடுத்த தந்தியைப் படித்ததும் சார் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "திருச்சி போய்ச் சேர்ற அளவுக்கு மேல முக்கால் மணிக்குப் பெட்ரோல் வச்சிருப்பான். குழியைப் பத்த வைடே" என்றார்.

புகை நன்றாகப் பிடித்தது. மழை இல்லை, நசநசப்புதான். வெகு நேரம் கழித்து வடக்கிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே போனது, தெற்கே தேய்ந்தது, மறுபடி திரும்பியது. தெற்கேயும் வழி அடைத்திருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

"மேகத்துல ஓட்டை தேடுதான். தேடட்டும். நம்ம புகை நிக்குது" என்று சார் முணுமுணுத்தார்.

சத்தம் ஒரு பெரிய வட்டமாகச் சுற்றியது. அடுத்த சுற்றில் கிட்டே வந்தது. மேகம் ஒரு இடத்தில் கிழிந்தது. அந்தக் கிழிசலில் விமானத்தின் வயிறு எங்களுக்குத் தெரிந்தது. இறக்கையை ஆட்டினார். புகையைப் பார்த்துவிட்டார்! சார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். இனி விமானம் ஒரு சுற்றுப் போய், காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி, தாழ்ந்து வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஒரு சுற்றுக்குள் மேகம் மூடிக்கொண்டது. கிழக்கே பாவாயி அக்காளின் ஊரிலிருந்து ஒரு புகை எழுந்தது.

"அது யாருடே?" என்றார் சார். நான் பதில் சொல்வதற்குள் அதற்குத் தெற்கே இன்னொன்று. பிறகு மேற்கே ஒன்று. ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊரின் புகையைப் பார்த்துத் தன் புகையைப் போட்டது. எங்கள் ஜனங்கள் நல்ல காரியத்தில் பின்தங்க மாட்டார்கள். தலைக்கு மேலே ஒரு பிள்ளை வழி தெரியாமல் சுற்றுகிறது, புகை போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று பந்தல் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், வேறென்ன செய்வார்கள்? கொஞ்ச நேரத்தில் நாங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் புகையாக இருந்தது.

"போ, அணைக்கச் சொல்லு! ஒவ்வொரு ஊரா போ!" என்று ஆசீர்வாதம் சார் கத்தினார். அவர் கத்தியும் அன்றுதான் கேட்டேன். அவர் மேற்குப் பக்கம் ஓடினார். நான் கிழக்கே சைக்கிளை விட்டேன்.

பாவாயி அக்காளின் களத்தில் ஊரே கூடியிருந்தது. கூரைக்கு வைத்திருந்த பனையோலையை, மாட்டுக்கு வைத்திருந்த கடலைக்கொடியை, ஒருவர் வீட்டுக் கட்டில் காலைக்கூடத் தீயில் போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் காய்ந்த தீனி எவ்வளவு அருமை என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அணைங்க! தீயை அணைங்க!" என்று நான் கத்திக்கொண்டே போய் விழுந்தேன்.

செங்கோடன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். "என்ன பேசறீங்க நீங்க? மேல கப்பலு சுத்துதுங்க. காது கேக்கலீங்களா?"

"அதனாலதாங்க சொல்றேன். எங்க பொகை ஒண்ணுதான் இருக்கோணும். இத்தனை பொகை இருந்தா எங்க எறங்கறதுன்னு அவருக்கு எப்பிடீங்க தெரியும்?"

"ஒரு பொகைக்கு ஒம்பது பொகை நல்லதுதானுங்களே" என்றாள் பாவாயி அக்காள். அழுதுகொண்டிருந்தாள். கையில் இன்னொரு கட்டுக் கடலைக்கொடி. "அந்தத் தம்பி கண்ணு தெரியாமச் சுத்துது சாமி. போன தடவை நம்ம பொகையைப் பாத்துத்தான எறங்குச்சு? இப்ப அணைச்சா அது என்னன்னு நெனைக்கும்?"

நான் தீயை உதைத்தேன். செங்கோடன் என் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை, காய்ச்சல்காரனைப் பிடிப்பது போலத்தான் பிடித்தான். அப்போது சத்தம் எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. எல்லோரும் அண்ணாந்து கையை ஆட்டினார்கள். "இங்க! இங்க எறங்கு கண்ணு!" என்று பாவாயி அக்காள் மேகத்தைப் பார்த்துக் கத்தினாள். சத்தம் தயங்கியது, கடந்தது, தெற்கே அடுத்த புகையின் பக்கம் தணிந்துகொண்டே போனது. பிறகு ஒரேயடியாக நின்றது.

எல்லோரும் தெற்கே திரும்பினார்கள்.

"எறங்கிருச்சு!" என்றான் ஒருவன். "எறங்கிருச்சு, எறங்கிருச்சு!" என்று களமே கூத்தாடியது. செங்கோடன் என் கையை விட்டுவிட்டுச் சிரித்தான். பாவாயி அக்காள் தெற்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். இறங்குகிற எஞ்சின் அப்படி நிற்காது என்று அந்தக் களத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

தெற்கே அந்த ஊரின் புகைக்குப் பின்னால் ஒரு கரடு இருந்தது. மேகம் அதை இடுப்பு வரை மூடியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆசீர்வாதம் சார் முன்பே வந்துவிட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சுந்தரத்தை வெளியே எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு காயமுமில்லை. நெஞ்சுக்குக் கீழே நான் பார்க்கவில்லை. கட்டிலோடு தூக்கி மாட்டு வண்டியில் வைத்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நல்ல காளைகள், வண்டிக்காரர் விரட்டினார். ஆனாலும் ஆகாயத்தில் ஐந்து நிமிஷத்துத் தூரத்தை அந்த வண்டி மணிக்கணக்கில் கடந்தது.

வழியில் சுந்தரம் கண் திறந்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"சார், முதல்ல ஒரு புகை பாத்தேன். திரும்பி வந்தா நிறைய இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதுல நம்ம புகை எது சார்?"

ஆசீர்வாதம் சார் அவர் நெற்றியில் கை வைத்திருந்தார். "எல்லாம் நம்ம புகைதான்யா" என்றார்.

"அப்படியா" என்றார் சுந்தரம். நாமக்கல் கோட்டைப் பாறை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணைக்கு சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பந்தலில் பேசிய அதே மனிதர்தான். ஆசீர்வாதம் சாரை நிற்க வைத்துக் கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். மைதானத்தில் புகை போட்டீரா? போட்டேன். அது விமானிக்குத் தெரிந்ததா? ஒரு தடவை தெரிந்தது. பிறகு ஏன் அவர் கரட்டின் பக்கம் இறங்கினார்? சார் கொஞ்சம் யோசித்து, "புகை நிற்காமல் கலைந்திருக்கலாம். மேகம் தாழ்ந்திருந்தது" என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உம்முடைய புகை சரியாக நிற்கவில்லை என்று நீரே சொல்கிறீரா?" "ஆமாம் ஐயா." எங்கள் புகை தூண் போல நின்றது. நான் வாயைத் திறந்தேன். சார் என் பக்கம் திரும்பாமல் மேஜை மேலிருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்தார். நான் மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் சார் உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க?"

"ஊர்க்காரங்க புகைதான் காரணம்னு சொன்னா நாளைக்குப் போலீஸ் வந்து களத்துல நிக்கும். அதுகூடப் பரவாயில்லடே. அந்தப் பொம்பளைக்கு யாராவது வெவரமா எடுத்துச் சொல்லிருவான். அதுக்கப்புறம் அவ எப்படிச் சோறு திங்கிறது?" கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "புகை போடுங்கன்னு தமிழ்ல சொன்னது என் வாய்தானே" என்றார்.

அவர் வேலை போயிற்று. பெட்டி ஒன்றைச் சுருட்டிய படுக்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்த மனிதருக்கு இப்படி நடந்திருக்கக் கூடாது. நாற்பது வருஷமாக எந்த மேலதிகாரியின் முன் நின்றாலும் எனக்கு இந்த நினைப்புத்தான் முதலில் வரும், அதனால்தான் பலருக்கு என்னைப் பிடிக்காமல் போனது.

கம்பெனி மைதானத்தை மூடிவிட்டது. தபால் விமானத்தைச் சென்னை வழியாகத் திருப்பிவிட்டார்கள். தூரம் அதிகம், நேரம் அதிகம், ஆனால் மலையும் இல்லை, கரடும் இல்லை. எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. கார்த்திகை பிறந்து, மழை ஓய்ந்த ஒரு காலையில் நான் சொல்லிக்கொண்டு போக பாவாயி அக்காள் வீட்டுக்குப் போனேன். போகாமலேயே கிளம்பிவிடலாம் என்றும் நினைத்தேன். சைக்கிள் தானாக அங்கே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரச் சொன்னாள். கூழ் கொண்டு வந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"உங்களை ஒண்ணு கேக்கோணும் சாமி. நெசத்தைச் சொல்லோணும். அன்னிக்கு அந்தத் தம்பி நாங்க போட்ட பொகையைப் பாத்துச்சுங்களா?"

வண்டிக்காரர் காளைகளைத்தான் கவனித்தார். வண்டியில் சுந்தரம் பேசியதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார்.

"பாத்தாருங்க அக்கா" என்றேன்.

அவள் முகம் லேசாகத் தெளிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியுமுங்க. பாத்துத்தான் எறங்க வந்திருக்குது. நாங்கதான் நேரங்கழிச்சுப் போட்டுட்டோம். எல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு, சட்டுனு பத்தலீங்க. கொஞ்சம் முன்னாடியே போட்டிருந்தா நல்லாத் தெரிஞ்சிருக்கும், பொழச்சிருக்கும்."

நான் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தேன். எழுந்து வாசலுக்கு வந்தேன். அவளும் கூடவே வந்து, "வாங்க, ஒண்ணு பாத்துட்டுப் போங்க" என்று களத்துக்குக் கூட்டிப் போனாள். களத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். அதன் கீழ் காய்ந்த பனையோலையும் கடலைக்கொடியும் சோளத்தட்டையும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. ஒரு சொட்டு ஈரம் படாமல் சுற்றிலும் தடுக்கு வைத்துக் கட்டியிருந்தார்கள்.

"எங்க ஊர்ல மட்டுமில்லீங்க, சுத்துப்பட்ட ஊர்லயெல்லாம் சொல்லி அடுக்கி வெச்சிருக்கறோம். அந்தத் தெக்கால ஊருக்காரங்க ரெண்டு போர் வெச்சிருக்கறாங்க. மாட்டுக்குக்கூடப் போடறதில்லைன்னு கட்டுப்பாடு பண்ணியிருக்கறோம்" என்றாள். "இனி எந்தப் புள்ளை வந்தாலும் தாமசமாகாதுங்க."

இனி அந்த வழியில் எந்த விமானமும் வராது என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒரு ஓலை நழுவியிருப்பதைப் பார்த்து, குனிந்து, அதை உள்ளே தள்ளிச் சரியாக வைத்தாள்.

"நல்லதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு நான் சைக்கிளை எடுத்தேன்.